யாக்கோபு என்றொரு பெயர்

பெயர்களின் பிறப்பைப் பற்றி இந்தத் தொடரில் எப்போது பேசினாலும் அடுத்த கிழமை கடிதங்கள் கூடுதலாக வரும். பெரும்பாலானவை தத்தம் ஊர்ப் பெயரின் பொருளைக் கேட்பவை. ஆனால் சில நாட்களுக்கு முன் வந்த ஒரு கடிதம் வேறு விதமானது. அப்பியாசக் கொப்பியின் நடுத்தாளைக் கழற்றி எடுத்து, நடுங்கும் கையால் ஒரு பெரியவர் எழுதியிருந்தார். அதன் சாரத்தை அவருடைய நடையிலேயே தருகிறேன்.

"ஐயா, என் மகனின் மகனுக்கு ஒன்பது வயது. காலஞ்சென்ற என் தமையனாரின் நினைவாக அவனுக்கு யாக்கோபு என்று பெயர் வைத்தோம். போன மாதம் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் பிள்ளைகளின் பெயர்களுக்கு ஒரு புத்தகத்தைப் பார்த்துப் பொருள் சொல்லியிருக்கிறார்கள். அன்னாள் என்ற பிள்ளைக்குக் கிருபை. நத்தானியேல் என்ற பையனுக்குக் கடவுள் தந்தவன். எங்கள் பிள்ளைக்கு எத்தன். அன்று தொடக்கம் மற்றப் பிள்ளைகள் அவனை எத்தன் என்றுதான் கூப்பிடுகிறார்கள். 'அப்பப்பா, ஏன் எனக்கு இந்தப் பெயரை வைச்சனீங்கள்?' என்று கேட்டு அழுகிறான். அந்தப் பொருள் சரிதானோ? சரியென்றால் பெயரை மாற்றலாமோ? தெரிந்தால் சொல்லுங்கோ ஐயா."

புத்தகம் பிழை என்று ஒரு வரியில் எழுதி அனுப்பியிருக்கலாம். பிள்ளையின் அழுகை நின்றிருக்கும். ஆனால் அது முழு உண்மையாகாது. சரி என்று எழுதியிருந்தால் அது அதைவிடப் பெரிய பொய்யாகியிருக்கும். ஆகவே அந்தப் பெரியவருக்கு எழுதிய நீண்ட பதிலையே இன்று உங்களோடும் பகிர்ந்துகொள்கிறேன்.

பெயர்ச்சொற்களை நம் இலக்கணகாரர் இடுகுறிப்பெயர், காரணப்பெயர் என்று வகுத்தார்கள். எபிரேய வேதத்தை எழுதியவர்களுக்கு ஆட்பெயர்களில் இடுகுறி என்று ஒன்று இருந்ததாகவே தெரியவில்லை. ஒரு குழந்தை பிறந்தால் அந்தக் கணத்தில் நடந்த ஒன்றையோ, தாய் வாய்விட்டுச் சொன்ன ஒன்றையோ பிடித்து, அதுதான் பெயருக்குக் காரணம் என்று எழுதிவிடுவார்கள். வயது போன காலத்தில் பிள்ளை பிறக்கப்போகிறது என்று கேட்டுச் சிரித்தார்கள். ஆகவே ஈசாக்கு, சிரிப்பவன். ஆனால் இந்தக் காரணங்கள் பல வேளைகளில் ஒலியை ஒட்டிச் சொல்லப்பட்டவை. சொல்லின் உண்மையான வேர் வேறிடத்தில் கிடக்கும். யாழ்பாடி ஒருவன் பரிசாகப் பெற்ற நிலம் யாழ்ப்பாணம் என்ற கதையை நாம் சொல்லி மகிழ்வதில்லையா? அதைப் போன்றதுதான். கதை பொய் என்று தள்ளவும் வேண்டாம், சொற்பிறப்பு என்று கொள்ளவும் வேண்டாம்.

இனி யாக்கோபின் கதைக்கு வருவோம். ஈசாக்குக்கும் ரெபெக்காளுக்கும் திருமணமாகி இருபது ஆண்டுகள் பிள்ளையில்லை. பின்னர் இரட்டைப் பிள்ளைகள் கருவில் உண்டாகி, அங்கேயே ஒன்றையொன்று முட்டித் தள்ளின. முதலில் வந்தவன் செம்மை நிறத்தோடு, உடம்பெல்லாம் உரோமத்தோடு வந்தான், அவன் ஏசா. அவனுடைய குதிகாலைப் பிடித்தபடி இரண்டாமவன் வந்தான். எபிரேயத்தில் குதிகாலுக்கு ஆக்கேவ் என்று பெயர். அதனால் இவனுக்கு யஅக்கோவ் என்று பெயரிட்டார்கள். அதுவே கிரேக்கத்தில் யாக்கோப் ஆகி, நம்மிடம் யாக்கோபு என்று வந்து சேர்ந்தது.

முன்னால் நிற்கும் ய என்பது எபிரேய வினையில் படர்க்கை ஆண்பாலைக் காட்டும் உறுப்பு. அவன் செய்கிறான், செய்வான், செய்வானாக என்ற மூன்று சாயலும் அதற்கு உண்டு. ஈசாக்கு, யோசேப்பு என்ற பெயர்களும் இதே வார்ப்பில் அமைந்தவை. ஆகவே கதையின்படி யாக்கோபு என்றால் குதிகாலைப் பிடிக்கிறான், பின்தொடர்கிறான் என்று பொருள். பிறந்த குழந்தையின் கை எதையாவது பற்றும். அதில் குற்றம் ஏதும் இல்லை.

குற்றம் பிறகுதான் வருகிறது. வேட்டையிலிருந்து பசியோடு வந்த தமையனிடம், ஒரு கோப்பை பயற்றங்கூழுக்கு மூத்த பிள்ளையின் உரிமையை யாக்கோபு வாங்கிவிடுகிறான். பின்னொரு நாள், கண் தெரியாத தகப்பன் மூத்தவனுக்குக் கொடுக்க நினைத்த ஆசீர்வாதத்தை, கைகளிலும் கழுத்திலும் ஆட்டுக்குட்டித் தோலைச் சுற்றிக்கொண்டு போய்த் தடவிப் பார்க்கக் கொடுத்து, தான் பெற்றுவிடுகிறான். நீ யார் என்று தகப்பன் கேட்கும்போது, நான் ஏசா என்கிறான். இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேட்டை இறைச்சியைச் சமைத்து எடுத்துக்கொண்டு ஏசா வந்து சேர்கிறான். நடந்ததை அறிந்ததும் அந்தப் பெரிய மனிதன் வாய்விட்டு அலறி அழுகிறான். அப்போதுதான் தம்பியின் பெயரைப் பிடித்துத் திருப்புகிறான். இவனுக்குச் சரியான பெயர்தான் வைத்திருக்கிறார்கள், இரண்டு தரம் என் காலை வாரிவிட்டான் என்ற பொருள்படப் பேசுகிறான். எபிரேயத்தில் குதிகால் என்ற பெயரும் ஏமாற்றிக் கவிழ்த்தல் என்ற வினையும் ஒரே வேரிலிருந்து வருகின்றன. நமக்கு இது விளங்காத சங்கதியல்ல. நம்பினவனை ஒருவன் கவிழ்த்தால் காலை வாரிவிட்டான் என்று நாமும் சொல்கிறோம். மலையாளத்தார் இன்னும் கிட்டப் போய், வஞ்சகத்தைக் குதிகால் வெட்டு என்றே சொல்கிறார்கள்.

ஏசாவின் அந்தப் பேச்சில் இன்னொரு சொல்விளையாட்டும் உண்டு. மூத்த பிள்ளை உரிமைக்கு எபிரேயத்தில் பெகோரா, ஆசீர்வாதத்துக்குப் பெராகா. மெய்யெழுத்துகள் அவையேதாம், ஒழுங்குதான் மாறியிருக்கிறது. என் பெகோராவை எடுத்தான், இப்போது என் பெராகாவையும் எடுத்துவிட்டான் என்று அவன் புலம்பும்போது, ஒன்றையே இரண்டு தரம் பறிகொடுத்தவனின் குரல் அந்த ஒலியிலேயே கேட்கிறது. ஏசாவை வெறும் முரடன் என்று சொல்லிப் போகிறவர்கள் இந்த இடத்தை மூலத்தின் ஒலியோடு கேட்டிருக்க மாட்டார்கள் என்று நான் நினைப்பதுண்டு.

ஆக, எத்தன் என்ற பொருள் எங்கிருந்து வந்தது? காயப்பட்ட ஒரு சகோதரனின் வாயிலிருந்து. அவன் கோபத்தில் சொன்ன குற்றச்சாட்டை, பெயர்ப் பொருள் சொல்லும் புத்தகங்கள் அகராதிப் பொருளாக எழுதி வைத்துக்கொண்டன. வழக்கில் வாதி சொன்னதையே தீர்ப்பென்று பதிவு செய்வதைப் போன்ற காரியம் இது.

இதைச் சொல்லி நிறுத்திவிட்டால் நான் யாக்கோபின் வழக்கறிஞர் ஆகிவிடுவேன். ஏசா மட்டும் அப்படிச் சொல்லவில்லை. கிறிஸ்துவுக்கு எட்டு நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஓசியா தீர்க்கதரிசி, கருவிலேயே சகோதரனின் குதிகாலைப் பிடித்தவன் என்று தன் இனத்தாரின் முன்னோனையே சுட்டிக்காட்டி அவர்களைக் கண்டிக்கிறான். எரேமியா தன் காலத்து எருசலேமில் எந்தச் சகோதரனையும் நம்ப முடியாது என்று சொல்ல வரும்போது, யாக்கோபின் பெயர் அப்படியே ஒலிக்கும் வினைச்சொல்லைத்தான் கையாளுகிறான். தம் குலமுதல்வனின் பெயருக்குள் ஒரு கறை இருப்பதை அந்த மக்கள் அறிந்திருந்தார்கள், மறைக்கவும் இல்லை. தங்கள் முன்னோரைப் பற்றி இப்படி எழுதி வைத்து, அதையே வேதமாக ஓதிவந்த துணிச்சலை நினைத்து நான் வியந்திருக்கிறேன்.

இதுவரை சொன்னது நூலுக்குள் இருக்கும் இரண்டு பொருள்கள். மூன்றாவது பொருளொன்று நெடுங்காலம் மண்ணுக்குள் கிடந்தது.

1935 தொடக்கம் 1937 வரை, சிரியாவின் வடகிழக்கில் காபூர் ஆற்றுப் படுகையிலுள்ள சாகர் பசார் என்ற மண்மேட்டை மக்ஸ் மலோவன் என்ற ஆங்கிலேயத் தொல்லியலாளர் அகழ்ந்தார். துப்பறியும் கதைகளால் உலகமெங்கும் பெயர் பெற்ற அகதா கிறிஸ்டியின் கணவர் அவர். அம்மையாரும் அகழ்விடத்துக்குக் கூடவே போய், அந்த நாட்களைப் பற்றி நகைச்சுவை ததும்ப ஒரு நூலும் எழுதினார். அந்த மேட்டில் களிமண் பலகைகள் கிடைத்தன. கிறிஸ்துவுக்கு ஏறத்தாழ 1800 ஆண்டுகளுக்கு முற்பட்ட கணக்குகள் அவை. அவற்றிலிருந்த ஆட்பெயர்களில் ஒன்று யாக்குப்-இல். இல் என்பதும் ஏல் என்பதும் மேற்காசிய மொழிகளில் கடவுளைக் குறிக்கும் பழஞ்சொல். சாமுவேல், தானியேல், கபிரியேல் என்ற பெயர்களின் ஈற்றில் நிற்பது அதுதான்.

அந்த ஒரு பெயரோடு முடியவில்லை. அமோரியர் என்று அறிஞர் அழைக்கும் மக்களிடையே இந்த வேரிலிருந்து பிறந்த ஆட்பெயர்கள் வேறும் காணப்படுகின்றன. மேற்காசியாவிலிருந்து வந்தவர்கள் எகிப்தின் வடபகுதியை ஆண்ட காலத்தைச் சேர்ந்த வண்டு வடிவ முத்திரைகளில் யாக்குப்-ஹர் என்று ஒரு மன்னனின் பெயர் பொறித்திருக்கிறது. அத்தகைய முத்திரையொன்று ஹைபா நகருக்கு அருகிலுள்ள சிக்மோனாவிலும் கிடைத்தது. கிறிஸ்துவுக்கு முன் 15ஆம் நூற்றாண்டில் மூன்றாம் துத்மோஸ் மன்னன் கர்னாக் கோயிற் சுவரில் வெட்டுவித்த கானான் ஊர்ப் பட்டியலிலும் யாக்கோப்-ஏல் என்று வாசிக்கத்தக்க ஓர் ஊர்ப்பெயர் உண்டு. இவர்களில் ஒருவர்தான் விவிலியத்து யாக்கோபு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பெயர் ஒன்றாயிருப்பதால் ஆள் ஒன்றாகிவிடாது. நம் ஊரில் எத்தனை கந்தையாக்கள்! ஆனால் ஒன்று தெளிவு. யாக்கோபு என்பது ஒரு குடும்பத்தில் ஒரு குழந்தைக்கென்று உண்டாக்கிய பெயரல்ல. அந்த நிலப்பரப்பில் பரவலாக வழங்கிய பழைய பெயர். அதன் முழு வடிவத்தில் ஏல் என்ற கடவுட் பெயரும் ஒட்டியிருந்தது. நத்தானியேல் என்பதை நாத்தான் என்று குறுக்குவது போல, யாக்குப்-ஏல் குறுகி யாக்கோபு ஆயிற்று.

அப்படியானால் யாக்குப்-ஏல் என்றால் என்ன? கடவுள் ஏமாற்றுவாராக என்று எந்தத் தாயும் பிள்ளைக்குப் பெயர் வைக்கமாட்டாள். இங்கேதான் உறவு மொழிகள் உதவுகின்றன. எத்தியோப்பியத் திருச்சபையின் பழைய வழிபாட்டு மொழியாகிய கீயஸில் இதே வேர் வினையாக வழங்கியது. அங்கு அதற்குப் பொருள் காத்தல். பழைய எத்தியோப்பிய அரசவையில் பெரும் செல்வாக்குடைய குருவானவர் ஒருவருக்கு அக்காபே சஅத் என்று பட்டம். நேரத்தைக் காப்பவர் என்பது அதன் பொருள். ஒருவனுடைய குதிகாலை ஒட்டிப் பின்னாலேயே போகிறவன் இரண்டு காரணங்களுக்காகப் போகலாம். கவிழ்க்கவும் போகலாம், காவலுக்கும் போகலாம். எபிரேயத்தில் முதற்பொருள் மேலோங்கிற்று. தென்திசை உறவு மொழியில் இரண்டாவது தங்கிற்று. ஆகவே யாக்குப்-ஏல் என்ற பழம்பெயருக்குக் கடவுள் காப்பாராக என்று பொருள் கொள்வதே பொருத்தம் என்பது அறிஞர் பலர் துணிபு. என் துணிபும் அதுவே.

இதற்கு விவிலியத்திலேயே ஒரு சிறு தடயமும் இருக்கிறது. பாபிலோன் சிறையிருப்புக்குப் பின் எருசலேமில் குடியேறியவர்களின் பட்டியலை நெகேமியாவின் நூல் தருகிறது. அதில் வாயில் காப்போரின் பெயர்களில் முதலாவது அக்கூப். அதே வேர்தான். எத்தன் என்று பெயருள்ளவனை நகரவாசலில் காவலுக்கு வைப்பார்களா என்று கேட்கத் தோன்றுகிறது. இது நான் விளையாட்டாகச் சொல்வது. பெயரைப் பார்த்து யாரும் உத்தியோகம் கொடுப்பதில்லை.

கதையைக் காட்டினிடை விட்டுவிட்டு வந்தோம். அங்கே திரும்புவோம். இந்தப் பெயரின் பொருளை உண்மையில் தீர்மானிப்பது மண்பலகை அல்ல, அந்தக் கதை செல்லும் வழிதான்.

தமையனுக்குப் பயந்து ஓடிய யாக்கோபு மாமன் லாபானிடம் இருபது ஆண்டுகள் உழைத்தான். அங்கே அவனுக்கு நடந்தது, அவன் செய்ததன் மறுபக்கம். ராகேலுக்காக ஏழு ஆண்டுகள் வேலை செய்தவனுக்கு, மணவிரவின் இருளில் மூத்தவள் லேயாளைக் கொடுத்தார்கள். கண் தெரியாத தகப்பனை ஏமாற்றியவன் கண் தெரியாத இருட்டில் ஏமாந்தான். நெடுங்காலத்தின் பின் அவனுடைய பிள்ளைகள் யோசேப்பை விற்றுவிட்டு, ஆட்டு இரத்தத்தில் தோய்த்த அங்கியைக் கொண்டுவந்து காட்டுவார்கள். ஆட்டுத் தோலால் ஏமாற்றியவன் ஆட்டு இரத்தத்தால் ஏமாறுவான். கதை சொன்னவர் இதையெல்லாம் விளக்கிச் சொல்வதில்லை. பொருட்களை மட்டும் திரும்பக் கொண்டுவந்து வைக்கிறார்.

இருபது ஆண்டுகளின் பின் மனைவி மக்களோடும் மந்தைகளோடும் ஊர் திரும்புகிறான். வழியில் செய்தி வருகிறது: ஏசா 400 ஆட்களோடு எதிர்கொண்டு வருகிறான். யாக்கோபு நடுங்கிப்போகிறான். ஆடு, மாடு, ஒட்டகம், கழுதை என்று 550 உருப்படிகளைப் பிரித்து, கூட்டங் கூட்டமாக, இடைவெளி விட்டு, தமையனுக்குக் காணிக்கையாக முன்னே அனுப்புகிறான். குடும்பத்தாரை இரவோடிரவாக யாப்போக்கு ஆற்றைக் கடக்கச் செய்துவிட்டுத் தனியே நிற்கிறான். அப்போது இனந்தெரியாத ஒருவன் வந்து விடியுமட்டும் அவனோடு மல்லுக்கட்டுகிறான். ஆற்றின் பெயரும் மல்லுக்கட்டுதலுக்கு அங்கே வரும் எபிரேயச் சொல்லும் யாக்கோபின் பெயரும் ஒன்றையொன்று எதிரொலிக்கின்றன. இருட்டில் ஒரே ஒலி மூன்று பக்கமும் இருந்து கேட்பது போலிருக்கும்.

தொடைச்சந்து விலகிய பின்னும் யாக்கோபு பிடியை விடவில்லை. பிறவியிலிருந்தே பிடிக்கப் பழகிய கை. ஆசீர்வதித்தால்தான் விடுவேன் என்கிறான். மற்றவன் உடனே ஆசீர்வதிக்கவில்லை. உன் பெயர் என்ன என்று கேட்கிறான்.

முன்பு நினைவில் வைக்கச் சொன்ன இடம் இங்கே வந்து பொருந்துகிறது. கடைசியாக ஆசீர்வாதம் கேட்டபோதும் இந்தக் கேள்வியைத்தான் கேட்டார்கள். அன்று அவன் ஏசா என்று சொன்னான். இன்று யாக்கோபு என்கிறான். எபிரேயத்தில் அது ஒரேயொரு சொல். அந்தச் சொல்லுக்குள் குதிகாலும் கூழும் ஆட்டுத் தோலும் அழுகின்ற தமையனும் எல்லாம் இருக்கின்றன. தன் பெயரைத் தானே சொன்ன பின்னர்தான் அவனுக்குப் புதிய பெயர் கிடைக்கிறது: இஸ்ரவேல். கடவுளோடும் மனிதரோடும் போராடி மேற்கொண்டவன் என்று அதற்குக் கதை பொருள் சொல்கிறது. விடியும்போது அவன் நொண்டிக்கொண்டு போகிறான்.

புதுப்பெயர் வந்ததால் பழைய பெயர் ஒழிந்ததா என்றால், இல்லை. ஆபிராமுக்கு ஆபிரகாம் என்ற பெயர் வந்தபின் ஆதியாகமம் ஓரிடத்திலும் அவரைப் பழைய பெயரால் அழைக்கவில்லை. யாக்கோபு மட்டும் சாகும்வரை யாக்கோபாகவும் இஸ்ரவேலாகவும் இருக்கிறான். இந்த வேறுபாட்டைத் தல்மூத் நூலின் ரபிமார்களும் கவனித்து வாதித்திருக்கிறார்கள். எபிரேயக் கவிஞர்கள் ஓரடியில் யாக்கோபு என்றும் அடுத்த அடியில் இஸ்ரவேல் என்றும் மாற்றி மாற்றிப் பாடினார்கள். அந்த மக்களுக்கு யெஷூரன் என்று மூன்றாவது பெயரொன்றும் உண்டு. நேர்மை, நேர்கோடு என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து அது பிறந்ததென்பர். வளைந்தவனின் பிள்ளைகளுக்கு நேரானவர்கள் என்று பெயர்!

மறுநாள் சகோதரர்கள் சந்திக்கிறார்கள். ஏசா ஓடிவந்து தம்பியைக் கட்டிக்கொள்கிறான், இருவரும் அழுகிறார்கள். கால்நடைகள் எனக்கு வேண்டாம், எனக்குப் போதியது இருக்கிறது என்கிறான் ஏசா. வற்புறுத்தும் யாக்கோபு, அந்தக் காணிக்கையைக் குறிக்க ஒரு சொல்லைச் சொல்கிறான். பெராகா. என் பெராகாவைத் தயவுசெய்து எடுத்துக்கொள் என்ற பொருளில் பேசுகிறான். மொழிபெயர்ப்புகளில் அது காணிக்கை, வெகுமதி என்று வந்துவிடுவதால் நம் காதில் விழுவதில்லை. இருபது ஆண்டுகளுக்கு முன் ஏசா அலறியபோது சொன்ன அதே சொல் அது. எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கிறான். ஏசாவும் ஏற்றுக்கொள்கிறான். குற்றம் சாட்டியவனே வழக்கை அங்கே முடித்துவிட்டான். பெயர்ப் புத்தகம் எழுதுகிறவர்கள் ஆதியாகமத்தின் 27ஆம் அதிகாரத்தோடு வாசிப்பை நிறுத்தாமல் 33ஆம் அதிகாரம் மட்டும் போயிருந்தால், அந்த ஒன்பது வயதுப் பிள்ளை அழுதிருக்க வேண்டியதில்லை.

இந்தப் பெயர் பின்னர் உலகம் சுற்றிய கதையை விரிவாகச் சொல்ல நேரம் போதாது. கிரேக்கத்தில் குலமுதல்வன் யாக்கோப் என்றே நின்றான். அந்தப் பெயரைத் தாங்கிய பிற்காலத்தவர் கிரேக்க விகுதி பெற்று யாக்கோபொஸ் ஆனார்கள். இலத்தீனில் யாக்கோபுஸ். பேச்சில் அது யாக்கோமுஸ் என்று திரிந்து, அதிலிருந்து இத்தாலியரின் ஜாக்கொமோவும் ஆங்கிலேயரின் ஜேம்ஸும் பிறந்தன. பிரெஞ்சுக்காரரின் ஜாக் திரியாத வடிவத்திலிருந்து வந்தது. இதனால் ஆங்கில விவிலியத்தில் பழைய ஏற்பாட்டுக்காரர் ஜேக்கப், புதிய ஏற்பாட்டுக்காரர் ஜேம்ஸ் என்று ஒரே பெயர் இரண்டாகிவிட்டது. 1611இல் வெளிவந்த அந்த மொழிபெயர்ப்பைச் செய்வித்த ஜேம்ஸ் மன்னருக்கும் இலத்தீனில் யாக்கோபுஸ் என்றுதான் பெயர். தமிழ் விவிலியம் இந்த விடயத்தில் நேர்மையானது. முன்னோனும் யாக்கோபு, நிருபம் எழுதியவரும் யாக்கோபு. அரபு மொழியில் யஃகூப். திருக்குர்ஆனில் அவர் ஒரு நபி. மகன் யூசுபை நினைத்து அழுதழுது கண்பார்வை இழந்த தகப்பன். நம் நாட்டு முஸ்லிம் குடும்பங்களிலும் அந்தப் பெயர் உண்டு. யூத மரபில் ரபி அக்கிவாவின் பெயரும் இதே பெயரின் அராமிய வடிவம்தான்.

ஸ்பானியரும் போர்த்துக்கேயரும் யாக்கோபை யாகோ ஆக்கி, புனிதர் என்ற பொருள்படும் சொல்லை முன்னே ஒட்டிச் சந்தியாகோ என்றார்கள். செபதேயுவின் மகனாகிய மீனவ அப்போஸ்தலர் யாக்கோபுதான் அவர். பெரியவர் என்ற பொருளில் மயோர் என்ற அடையும் சேர்ந்தது. போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தை ஆண்ட காலத்தில், 1647இல், தெல்லிப்பழைப் பேதுருப்புலவர் அவரைப் பாட்டுடைத் தலைவராக்கிச் சந்தியோகுமையோர் அம்மானை பாடினார். சந்தியோகுமையோர் என்ற அந்த நீண்ட சொல்லைக் கேட்கும் இக்காலத்து இளைஞர் அது ஏதோ வடமொழித் தொடர் என்று எண்ணக்கூடும். பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பவன் குதிகாலைப் பிடித்துப் பிறந்த அந்தக் குழந்தை. கிளாலியில் அவருக்குத் திருத்தலம் உண்டு. நம் கத்தோலிக்கக் குடும்பங்களில் வழங்கும் சந்தியாப்பிள்ளை என்ற பெயரும் அந்திப்பொழுதைக் குறிக்கும் சந்தியாவிலிருந்து வந்ததல்ல. சந்தியாகோவின் வழி வந்தது. குருநகரில் அதே அப்போஸ்தலர் யாகப்பர் என்று வணங்கப்படுகிறார். நானறிந்த ஒரு வீட்டில் தகப்பன் ஜேம்ஸ், பாட்டன் சந்தியாப்பிள்ளை. இரண்டு தலைமுறையாக ஒரே பெயரைத்தான் வைத்துவருகிறார்கள் என்று சொன்னபோது அவர்கள் நம்பவில்லை.

இவற்றையெல்லாம் எழுதி, பெயரை மாற்ற வேண்டாம் என்று பெரியவருக்கு அனுப்பினேன். வகுப்பில் சொல்லிக் கொடுத்தவர் மீது கோபிக்க வேண்டாம், புத்தகத்தில் இருந்ததைத்தான் அவர் வாசித்திருக்கிறார் என்றும் எழுதினேன். பிள்ளையிடம் யாராவது கேட்டால், கடவுள் காப்பாராக என்ற பழைய பொருளை முதலில் சொல்லட்டும். குதிகாலின் கதையையும் மறைக்க வேண்டாம், ஆனால் ஆற்றங்கரை இரவையும் மறுநாட் காலையையும் சேர்த்துச் சொல்லட்டும் என்று முடித்தேன்.

இரண்டு கிழமை கழித்து ஒரு தபாலட்டை வந்தது. கடிதத்தைப் பேரனுக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினாராம். அழுகை நின்றுவிட்டதாம். இப்போது பிள்ளை வேறொரு கேள்வி கேட்டுக் கரைச்சல் கொடுக்கிறானாம்: யாக்கோபு நொண்டியது எந்தக் கால், வலதா இடதா?

விவிலியம் அதைச் சொல்லவில்லை. ஆனால் ஏறத்தாழ 1800 ஆண்டுகளுக்கு முன் தொகுத்த மிஷ்னா என்னும் யூதச் சட்டநூலில் ரபிமார்கள் இதே கேள்வியை எழுப்பியிருக்கிறார்கள். அந்த நிகழ்ச்சியின் நினைவாக விலங்கின் தொடை நரம்பை அவர்கள் உண்பதில்லை. ஆகவே எந்தத் தொடை என்பது அவர்களுக்குச் சமையலறை வரைக்கும் வருகிற பிரச்சினை. இரண்டையும் விலக்க வேண்டும் என்பது பொது விதி. யூதா என்ற ரபி மட்டும், ஒரு தொடைதான், அதுவும் வலதுதான் என்று சாதித்தார். அதை இன்றைக்கு அஞ்சலில் சேர்த்திருக்கிறேன்.